வயோலா ஸ்டாண்டில் மாட்டிய மைக்

1. மைக் வேண்டாத கச்சேரி

ஓசூரில் இருபத்தெட்டு வருஷமாக மைக் செட் வைத்திருக்கிறேன். மாரியம்மன் திருவிழா, கட்சிக் கூட்டம், காதுகுத்து, கம்பெனி ஆயுத பூஜை என்று நான் சத்தம் போடாத இடமே இல்லை. என் வீட்டில் மட்டும்தான் என் சத்தம் எடுபடாது. தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு, மிக்ஸரில் எந்தக் குமிழ் எதற்கு என்று யூடியூபே சொல்லிக்கொடுத்துவிடும். எப்போது கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டும் என்பதை நான் சொல்கிறேன். போன வருஷம் நான் உட்காரவில்லை.

சிப்காட் பக்கம் ஒரு சமுதாயக்கூடத்தில் ஞாயிறு மாலை இலவச இசை நிகழ்ச்சி. மேற்கத்திய சாஸ்திரிய இசை. மேடையில் நாலே பேர்: இரண்டு வயலின், ஒரு வயோலா, ஒரு செல்லோ. வயோலா என்பது வயலினுக்கு அக்கா மாதிரி. உடம்பு கொஞ்சம் பெரிசு, குரல் கொஞ்சம் கனம். செல்லோ வாசித்த பெங்களூர்க்காரர்தான் குழுவுக்குத் தலைவர்.

“வரவேற்புரைக்கு ஒரு மைக் போதும். நாங்க வாசிக்க ஆரம்பிச்சதும் எல்லாத்தையும் ஆஃப் பண்ணிடுங்க. இது பக்கத்துல உக்காந்து கேக்கற மியூசிக்” என்றார்.

சமையல்காரரைக் கூப்பிட்டு, அடுப்பைப் பற்றவைக்காதே என்றால் எப்படி இருக்கும்? “ஆகட்டும் சார்” என்று சிரித்தேன். உள்ளே எரிந்தது.

வயோலா வாசித்தவள் ரூபா. இந்த ஊர்ப் பெண்தான். பிரேக் பார்ட்ஸ் செய்யும் ஒரு கம்பெனியில் இன்ஸ்பெக்‌ஷன் வேலை. வீட்டில் கன்னடம், வேலை பார்க்கும் லைனில் தமிழ். தான் வாசிப்பதாக இரண்டு வருஷமாகச் சொல்லியும் லைனில் ஒருத்தரும் நம்பவில்லையாம். அதனால் அவர்களையே கூப்பிட்டுவிட்டாள். முதல் மூன்று வரிசையும் அவள் ஷிஃப்ட் ஆட்களுக்கு.

ஒத்திகையின்போது கடைசி வரிசையில் உட்கார்ந்து கேட்டேன். வயலின் வந்தது, செல்லோ வந்தது. ரூபா மட்டும் ஊமைப்படத்தில் வருகிறவள் மாதிரி கையை ஆட்டிக்கொண்டிருந்தாள். தலைக்கு மேல் பத்து ஃபேன் கடகடவென்று ஓடியது. அதை நிறுத்தலாம் என்று எனக்குத் தோன்றவில்லை. அனுபவசாலி அல்லவா?

“அண்ணா, பின்னாடி வரைக்கும் கேக்குதா?” என்றாள்.

“கவலப்படாதம்மா, அண்ணன் இருக்கேன்.”

எல்லோரும் டீ குடிக்கப் போனபோது, அவள் நோட்ஸ் வைக்கிற ஸ்டாண்டுக்கு அடியில் சின்னதாக ஒரு காலர் மைக்கை மாட்டினேன். அவள் திரும்பி வந்து பார்த்துவிட்டாள்.

“என்னண்ணா அது?”

“லைட்டுக்குக் கிளிப்பும்மா.”

எவ்வளவு சுத்தமாகப் பொய் வந்தது தெரியுமா? துளி இரைச்சல் இல்லை.

2. மூரு, நால்கு

கச்சேரி தொடங்கியது. ஐந்து நிமிஷம் பொறுத்தேன். பிறகு மிக்ஸரில் அவள் மைக்கின் சத்தத்தை மெல்ல ஏற்றினேன். பழக்கதோஷத்தில் கொஞ்சம் எக்கோவும் சேர்த்தேன்.

வயோலாவுக்கு நடுநடுவே வேலை இருக்காது. மற்ற மூன்று பேரும் வாசித்துக்கொண்டிருக்க, தன் முறை வரும்வரை இவள் தாளத்தை எண்ணிக்கொண்டு காத்திருக்க வேண்டும். ரூபா உதட்டுக்குள் எண்ணுகிறவள். எனக்கு அது தெரியாது. மைக் கேட்டுவிட்டது.

“ஒந்து... எரடு... மூரு... நால்கு... கு... கு...”

இரண்டு பக்கத்து ஸ்பீக்கரிலிருந்தும் கன்னட எண்கள் கூடத்தைச் சுற்றி வந்தன. மூன்றாவது வரிசையிலிருந்து ஒருத்தன், “ஐது!” என்று ஐந்தை எடுத்துக் கொடுத்தான். கூடமே கொல்லென்று சிரித்தது. ரூபா வில்லை மடியில் போட்டுவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். வாசிப்பு நின்றது. நான் அந்த மைக்கின் சத்தத்தை முழுசாக இறக்கிவிட்டேன்.

“மைக் ஆன்ல இருக்கா?” என்று செல்லோக்காரர் கேட்டார்.

“ஆஃப்ல இருக்கு சார்.” அந்த நொடியில் அது நிஜம்தான்.

“அப்ப சத்தம் எப்படி வந்துச்சு?”

“வரவேற்புரை மைக்கு சார், ஆஃப் பண்ண மறந்துட்டேன், இப்பத்தான் பண்ணேன். அந்தப் பொண்ணு கொஞ்சம் சத்தமா எண்ணிடுச்சு போல.”

அவர் ரூபா பக்கம் திரும்பி, மனசுக்குள் எண்ணும்மா என்று கன்னடத்தில் தன்மையாகச் சொன்னார். அவள் தலையாட்டினாள். செய்யாத தப்புக்கு அவள் தலையாட்டியதை மிக்ஸருக்குப் பின்னால் நின்று பார்த்தேன். முதலிலிருந்து மறுபடி வாசித்தார்கள். உதட்டை இறுக்கிக்கொண்டு வாசித்தவள் இரண்டு இடத்தில் தாமதமாகச் சேர்ந்தாள். கிளம்பும்போது அந்த மைக்கை யாருக்கும் தெரியாமல் பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன்.

3. கம்பெனி பஸ்

அவள் கம்பெனி பஸ் ஓட்டுகிற டிரைவர் எனக்குப் பழக்கம். ஒரு வாரம் கழித்து டீக்கடையில் சொன்னார்.

“அந்த ‘நால்கு’ பொண்ணு இருக்குதே, அத வெச்சு தெனம் பஸ்ல ஒரே கூத்து. ஒருத்தன் ஒந்துங்கறான், ஒருத்தன் எரடுங்கறான். அது வயோலாவ தூக்கி பீரோ மேல போட்டுடுச்சாம். அடுத்த கச்சேரிக்கும் வரலன்னு சொல்லிடுச்சாம்.”

அவரோடு சேர்ந்து நானும் சிரித்தேன். கச்சேரியில் செய்ததைவிட எனக்கு அதிக வெட்கம் தருவது அந்தச் சிரிப்புதான்.

இரண்டு நாள் கழித்து, ஷிஃப்ட் விடுகிற நேரத்தில் கம்பெனி கேட்டில் நின்றேன். ரூபா வந்ததும் எல்லாவற்றையும் சொன்னேன். முழுக்கக் கேட்டாள்.

“இத ஏன் எங்கிட்ட சொல்றீங்க? அவங்ககிட்ட சொல்லுங்க” என்று பஸ்ஸைக் காட்டினாள்.

ஏறினேன். உள்ளே நாற்பது பேர் இருப்பார்கள். மைக் இல்லாமல் இத்தனை பேர் முன்னால் நான் பேசியதே இல்லை. ஏதோ சொன்னேன்.

“கேக்கலண்ணா!” என்று பின் சீட்டிலிருந்து குரல்.

மறுபடி சொன்னேன்.

“இன்னும் சத்தமா!”

டிரைவர் இன்ஜினை நிறுத்தினார்.

“அந்தப் பொண்ணு சத்தமா எண்ணல. அதுக்குத் தெரியாம நான்தான் மைக் வெச்சேன். அப்புறம் பழியையும் அது மேல போட்டேன்.”

யாரும் சிரிக்கவில்லை. ‘ஐது’ சொன்னவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

“சரிண்ணா, எறங்குங்க. பஸ்ஸு லேட்டாவுது” என்றாள் ரூபா.

அடுத்த கச்சேரியில் அவள் வாசித்ததாகக் கேள்வி. என்னைக் கூப்பிடவில்லை, கூப்பிடவும் கூடாது.

மேடையில் ஒருத்தர் பக்கத்தில் எதை மாட்டினாலும் அவரிடம் சொல்லிவிட்டு மாட்டுங்கள். தப்பு நடந்துவிட்டால் அங்கேயே, அந்தக் கூட்டத்துக்கு முன்னாலேயே ஒப்புக்கொள்ளுங்கள். அங்கே கையில் மைக்காவது இருக்கும்.