அல்லிக்குளத்து அட்டையும் ஆறு மா நிலமும்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்குக் கோர்வையாக எழுத வராது. மன்னித்துக்கொள்ளுங்கள். ஐந்தாம் வகுப்போடு நிறுத்திவிட்டார்கள். எந்த இடத்தில் ஒற்று போடுவது என்பது இப்போதும் சந்தேகம்தான். மறதியும் கூடிவிட்டது, அடுப்பில் பாலை வைத்துவிட்டு வாசலில் போய் நிற்கிறேன். வயல் வேலை பார்த்தவர்கள் தங்களுக்குத் தெரிந்ததை எழுதிக் கொடுங்கள், புத்தகமாகப் போடலாம் என்று நூலகத்து அம்மா ஒரு நோட்டைக் கொடுத்து ஒரு மாதம் ஆகிறது. நாலு தடவை எழுதி நாலு தடவை கிழித்தேன்.

எழுதாமல் விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். போன வாரம் பக்கத்து வீட்டுப் பெண் போனில் ஒன்று காட்டினாள். கும்பகோணத்தில் ஏதோ ஒரு அழகு நிலையம். பெண்கள் வரிசையாகப் படுத்திருக்கிறார்கள், கன்னத்திலும் நெற்றியிலும் அட்டை ஒட்டிக்கொண்டு நெளிகிறது. முகப்பரு போகுமாம், கரும்புள்ளி மறையுமாம். "நீங்கள்லாம் ஓசியிலயே விட்டுக்கிட்டீங்க, அதான் காலு இம்புட்டு பளபளன்னு இருக்கு" என்று அவள் கேலி செய்தாள். நானும் சிரித்தேன். ஆனால் அந்தப் படத்தின் கடைசியில் ஒரு பெண் வந்து, அட்டை விட்ட இடத்தில் அழுக்குத் தண்ணீர் படவே கூடாது என்று சொன்னாள். அதைக் கேட்டதிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. உட்கார்ந்தால் எழுந்துவிடுகிறேன். எழுந்தால் நோட்டைத் தேடுகிறேன்.

எங்களுக்கு அட்டை என்பது பயப்படுகிற சமாச்சாரம் இல்லை. நடவுக்கு இறங்குகிற பெண்கள் இடுப்பில் வெற்றிலை பாக்கு இருக்கிறதோ இல்லையோ, சுண்ணாம்பு டப்பி இருக்கும். அட்டை கடிப்பது தெரியாது. கொஞ்ச நேரம் கழித்துக் கால் அரிக்கும், குனிந்து பார்த்தால் கெண்டைக்காலில் புளியங்கொட்டை மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கும். பிடித்து இழுத்தால் வழுக்கும். விரலில் சுண்ணாம்பைத் தொட்டு அதன் மேல் ஒரு தடவு தடவினால் சுருண்டு விழும். கதை பேசிக்கொண்டே கை அதைச் செய்துவிடும். கடித்த இடத்தில் மட்டும் ரத்தம் சுலபத்தில் நிற்காது. கரையேறும்போது எங்கள் எல்லார் காலிலும் சிவப்புக் கோடுகள் இருக்கும். யாரும் அதைப் பெரிதாக நினைத்ததில்லை.

நான் சொல்ல வந்தது எங்கள் ஆறு மா நிலத்தைப் பற்றி, ஏக்கர் கணக்கில் சொன்னால் இரண்டு ஏக்கர். நிலம் எங்களுடையது இல்லை, மிராசுதாருடையது. அவர் டவுனில் இருந்தார். அவருக்குப் பதிலாக ஊரில் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டவர் அவருடைய காரியக்காரர். என் மாமனார் காலத்திலிருந்து நாங்கள் குத்தகைக்கு உழுதுகொண்டிருந்தோம். எழுத்து எதுவும் கிடையாது, வாய்ப்பேச்சுதான். அப்போது ஆட்சி மாறி, யார் உழுகிறார்களோ அவர்கள் பேரைக் குத்தகைப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும் என்று சட்டம் வந்திருந்தது. பதிந்துவிட்டால் சும்மா வெளியேற்ற முடியாது. அதனால் பதிவதற்கு முன்னாலேயே வெளியேற்றிவிடப் பல ஊர்களில் பார்த்தார்கள். கூலிச் சண்டை, அறுப்புக்கு வெளியூர் ஆள், வரப்பு நெடுகப் போலீஸ் என்று எங்கள் பக்கம் அமைதியே இல்லாத காலம் அது.

அந்தச் சமயத்தில்தான் என் வீட்டுக்காரருக்குக் கால் போயிற்று. களத்தில் மாடு மிதித்து முழங்காலுக்குக் கீழே ரத்தம் கட்டியது. வீக்கம் வடியவில்லை. தோல் கறுத்துத் தடித்து, அரிப்பெடுத்து, சொறிந்து சொறிந்து நீர் வடிய ஆரம்பித்தது. ஆஸ்பத்திரியில் களிம்பு கொடுத்து, காலை ஆட்டாமல் வைத்திரு என்றார்கள். நெல் விதைத்தவன் காலை ஆட்டாமல் எப்படி வைப்பான்? கம்பை ஊன்றிக்கொண்டு வரப்பில் நின்று, கொத்தனார் சித்தாளுக்குச் சொல்வதுபோல மற்றவர்களுக்கு வேலை சொல்லிக்கொண்டிருந்தார். காரியக்காரர் அந்தப் பக்கம் சைக்கிளில் போகும்போதெல்லாம் பெல்லை அடித்து நிறுத்துவார்.

"ஒத்தக் காலுல நிக்கிறவனுக்கு ஆறு மா எதுக்குடா? கொக்கு கூட ரெண்டாவது கால அப்பப்ப கீழ வைக்குது" என்று ஒரு நாள் சொன்னார். கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். என் வீட்டுக்காரரும் சிரிக்க வேண்டியிருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தண்டோரா போட்டார்கள். வருகிற சனிக்கிழமை ரெவின்யூ இன்ஸ்பெக்டர் வயலுக்கே வந்து, யார் சாகுபடி செய்கிறார்கள் என்று கண்ணால் பார்த்து எழுதுவார் என்று. அந்த நிலம் ஒரு வருஷமாகப் பண்ணையின் சொந்த விவசாயம், குத்தகைக்காரன் நடக்கவே முடியாதவன் என்று காரியக்காரர் முன்கூட்டியே மனு கொடுத்திருந்தார். சனிக்கிழமை என் வீட்டுக்காரர் ஏர் பிடித்து இறங்கவில்லை என்றால் ஆறு மாவும் போய்விடும். எங்களுக்கு வேறு கதி இல்லை.

முத்துப்பேட்டையில் ஒரு பாய் அட்டை விட்டுக் கெட்ட ரத்தத்தை எடுப்பார் என்று சொல்லியிருந்தார்கள். திங்கட்கிழமை பஸ் ஏறினோம். எண்ணெய்க்கடைக்குப் பின்னால் ஒரு அறை. மெலிந்த மனிதர், நரைத்த தாடி. காலை அமுக்கிப் பார்த்தார், மோந்துகூடப் பார்த்தார். அட்டை விட்டால் வீக்கம் வடியும் என்றார். ஆனால் அவர் பானையில் இருந்த அட்டைகளெல்லாம் புழுக்கத்தில் செத்துப்போயிருந்தன. நீங்களே பிடித்துக்கொண்டு வாருங்கள், வயல் அட்டை வேண்டாம், பூச்சிமருந்து அடித்த தண்ணீரில் கிடந்தது ஆகாது, அல்லி பூக்கிற குளத்தில் பிடியுங்கள் என்று சொல்லி அனுப்பினார்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் எங்கள் தெருவுக்கு மேற்கே இருந்த அல்லிக்குளத்தில் நான் இறங்கினேன். தொடைவரை தண்ணீர். நின்றேன். அட்டை வந்து கடித்தது. என் கை இடுப்புக்குப் போயிற்று, சுண்ணாம்பைத் தொட்டது, தடவியது. விழுந்ததைப் பிடித்துச் சட்டியில் போட்டேன். இப்படியே ஆறு. பிறந்ததிலிருந்து செய்கிற வேலை, யோசிக்கவே இல்லை. மனசெல்லாம் சனிக்கிழமையில் இருந்தது. சட்டியில் அவை சுருண்டு கிடந்ததைப் பார்த்தும் ஒன்றும் தோன்றவில்லை.

புதன்கிழமை சட்டி வாயைத் துணியால் கட்டி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் உட்கார்ந்தேன். கண்டக்டர் என்ன மீனா என்று கேட்டார். நண்டு என்று சொல்லிவிட்டேன். சமைக்கிறதாக இருந்தால் சாப்பிட வருவேன் என்று அவர் சொன்னதற்கு என் வீட்டுக்காரர், கண்டிப்பாக வாங்க, உசுரோடேயே பரிமாறுவோம் என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பாய் காலைக் கழுவி, பாலைத் தடவி, ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். ஒன்றும் கடிக்கவில்லை. கயிற்றுத் துண்டு மாதிரி வழுக்கிக் கீழே விழுந்தன. ஊசியால் குத்தி ஒரு சொட்டு ரத்தம் வரவழைத்து அதன்மேல் வைத்துப் பார்த்தார். அதற்கும் அசையவில்லை. எப்படிப் பிடித்தாய் என்று கேட்டார். அந்நிய மனிதரிடம் பேசி எனக்குப் பழக்கமில்லை, சட்டியை அவர் பக்கம் நகர்த்தினேன். அவர் என் கையைப் பார்த்தார். பெருவிரல் நகக்கண்ணில் வெள்ளையாக ஒட்டியிருந்தது.

"சுண்ணாம்பு வச்சியா?"

தலையை ஆட்டினேன்.

"கடிச்சதுக்கு சூடு வச்சுக் கூட்டிக்கிட்டு வந்து, இன்னொரு தடவ கடின்னா அது எப்படித் தாயி கடிக்கும்?" என்றார் பாய். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்கு அதிகம் உறைத்தது. ரத்தம் குடித்ததும் ஆகாது, சுண்ணாம்பு பட்டதும் ஆகாது, பசியோடு இருக்கும்போதே எடுக்க வேண்டும் என்று விளக்கினார். காலால் தண்ணீரைக் கலக்கிவிட்டு அசையாமல் நில், அது நெளிந்து வரும், காலைத் தொடுவதற்கு முன்னால் கொட்டாங்குச்சியால் மொண்டுவிடு என்றார்.

ஊருக்கு வந்து இறங்கியதும் வீட்டுக்குக்கூடப் போகாமல் குளத்துக்குப் போனேன். அசையாமல் நிற்பது இருக்கிறதே, நடவை விடப் பெரிய பாடு. இன்னும் இரண்டு நாள்தான் என்று நினைப்பேன், கால் தானாக ஆடிவிடும், வந்த அட்டை திரும்பிப் போய்விடும். சுண்ணாம்பு டப்பியைக் கரையில் தூக்கி எறிந்துவிட்டேன். மூன்று என்னைக் கடித்துவிட்டன. அவற்றை அப்படியே குடிக்கவிட்டு, மற்றதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பொழுது சாய்வதற்குள் ஐந்து கிடைத்தது.

வியாழக்கிழமை அந்த ஐந்தும் கடித்தன. கன்றுக்குட்டி மடியை முட்டிக் குடிப்பதுபோல விட்டுவிட்டுக் கழுத்தை அசைத்துக் குடித்தன. "பண்ணைக்கு அளந்தது போக மிச்சம் இருந்தத இதுங்க குடிக்குது பாய்" என்றார் என் வீட்டுக்காரர். வயிறு நிரம்பியதும் தானாக விழுந்தன. பாய் அவற்றின் மேல் மஞ்சள்தூளைத் தூவினார், குடித்ததைக் கறுப்பாகக் கக்கிவிட்டன. கொண்டுபோய்க் குளத்திலேயே விட்டுவிடு என்று சட்டியைத் திருப்பிக் கொடுத்தார். கால் கண் முன்னாலேயே லேசாகிவிட்டது. கம்பில்லாமல் அவர் படி இறங்கி டீக்கடைக்குப் போனார்.

நான் சட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது பாய் என்னைக் கூப்பிட்டார்.

"மூணு நாளைக்கு சேத்துல கால வைக்கக் கூடாது. அந்தக் கடிவாயில அழுக்குத் தண்ணி ஏறிச்சுன்னா காலே கெட்டுப்போகும். அவருகிட்ட சொல்லிப்புடு."

சரிங்க என்றேன். வியாழன், வெள்ளி, சனி என்று அங்கேயே விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். பஸ்ஸில் அவர், பாய் என்ன சொன்னாரு என்று கேட்டார். மஞ்சள் வைத்துக் கட்டச் சொன்னார் என்றேன். அதுவும் சொன்னதுதான். மற்றதைச் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை முழுக்கச் சொல்லிவிடலாம் சொல்லிவிடலாம் என்று வீட்டுக்கும் கொல்லைக்கும் நடந்தேன். அவர் சந்தோஷமாக ஏர் மேழியைக் கழுவிக்கொண்டிருந்தார்.

சனிக்கிழமை வெயில் ஏறிய பிறகு இன்ஸ்பெக்டர் வந்தார். குடை, பூட்ஸ், கையில் பெரிய புத்தகம். காரியக்காரர் பின்னாலேயே வந்தார். பாதி வயலில் நாங்கள் பெண்கள் வரிசையாக நட்டுக்கொண்டிருந்தோம், மீதியில் என் வீட்டுக்காரர் ஏர் பிடித்திருந்தார். முதல் சுற்று நேராக வந்தது. இரண்டாவது சுற்றில் கட்டு அவிழ்ந்துவிட்டது. சேற்றுக்கு மேலே தெரிந்த காலில் ரத்தம் ஒழுகியது.

காரியக்காரர் அதைத்தான் பிடித்துக்கொண்டார். "பாருங்க சார், புண்ணுக் காலு. ரத்தமா ஊத்துது. இன்னைக்கு ஒரு நாளைக்கு வேஷம் கட்டி எறங்கியிருக்கான்."

இன்ஸ்பெக்டர் ஏரை நிறுத்தச் சொல்லி, காலில் என்னய்யா என்று கேட்டார். என் வீட்டுக்காரர் மூச்சு வாங்கிக்கொண்டு மேழியைப் பிடித்தபடி நின்றார். எல்லாரும் நின்றுவிட்டார்கள். நான் குனிந்தபடியே இருந்தேன். அப்புறம் எப்படி நிமிர்ந்தேன் என்று எனக்கே தெரியாது.

"அட்டை கடிச்சதுங்க" என்றேன்.

என்னம்மா, சத்தமாகச் சொல்லு என்றார் இன்ஸ்பெக்டர்.

"அட்டைங்க. வயல்ல எறங்குனா எல்லாரையுந்தான் கடிக்கும்."

என் பக்கத்தில் நட்டுக்கொண்டிருந்த வயசானவள் ஒருத்தி, எங்கள் தெருவிலேயே வாய்க்காரி, சேலையை முழங்கால்வரை தூக்கிக்கொண்டு வரப்போரம் போனாள். அவள் காலில் மூன்று சிவப்புக் கோடு. "ரத்தம் வந்தா சாகுபடி இல்லைங்கிறாரு. அப்ப நாங்க எல்லாம் இங்க என்னங்க பண்றோம், மருதாணியா வச்சுக்கிட்டு இருக்கோம்?" என்றாள். வயலே சிரித்தது. இன்ஸ்பெக்டர் குனிந்து தன் பூட்ஸை ஒரு தடவை பார்த்துக்கொண்டார். பிறகு என் வீட்டுக்காரரிடம் நாலு எல்லையும் கேட்டார், என்ன விதை, எந்த வாய்க்கால் பாசனம் என்று கேட்டார். அவர் சேற்றில் நின்றபடியே எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். வெகு நேரம் நின்றார். நான் அவர் காலையே பார்த்துக்கொண்டிருந்தேன். பேர் புத்தகத்தில் ஏறியது.

நான் சொன்னது பொய் இல்லை. அட்டை கடித்ததுதான்.

நாலு கடிவாய் ஆறியது. ஐந்தாவது ஆறவில்லை. காசளவு புண்ணாகி, மூடுவதும் திறப்பதுமாக இருந்தது. அந்தக் காலோடுதான் அவர் பல வருஷம் உழுதார். பிற்பாடு பெரிய ஆஸ்பத்திரியில் அந்தக் காலில் இரண்டு விரலை எடுத்தார்கள். சர்க்கரை என்று டாக்டர் சொன்னார். சர்க்கரையாகவும் இருக்கலாம். வருகிறவர்களிடமெல்லாம் அவர், "இவ பிடிச்ச அட்டை ஆறு மாவையும் பிடிச்சுக் குடுத்துச்சு" என்று பெருமையாகச் சொல்வார். அந்தப் பேச்சு எடுத்தாலே நான் எழுந்து உள்ளே போய்விடுவேன். கூச்சப்படுகிறாள் என்று நினைத்துக்கொள்வார். அவர் சாகிறவரை நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் இறங்கித்தான் இருப்பார் என்று ஒரு சமயம் தோன்றும். அப்படியானால் சொல்லியிருக்கலாமே என்று அடுத்த நிமிஷம் தோன்றும்.

நூலகத்து அம்மாவுக்கு: கிழமைகள் எனக்குக் குழம்பியிருக்கலாம். வந்தவர் இன்ஸ்பெக்டரா, துணைத் தாசில்தாரா என்பதும் நிச்சயமில்லை. தாலுகா ஆபீசில் பழைய பதிவேடு இருந்தால் பார்த்துத் திருத்திக்கொள்ளுங்கள். ஆனால் பாய் சொன்ன மூன்று நாள் என்பதை அட்டை வைத்தியம் தெரிந்த யாரிடமாவது கேளுங்கள். இரண்டு நாளில் இறங்கினால் கெடுமா, அத்தனை வருஷம் கழித்தும் அதனால் விரல் போகுமா என்று கேளுங்கள். அவர்கள் என்ன சொன்னாலும் மறைக்காமல் வந்து சொல்லுங்கள். அதுவரை இந்த நோட்டை அச்சுக்குக் கொடுக்க வேண்டாம்.