சீட்டில்லாத மூட்டை

அந்த வட்டம் இன்னும் என் கண்ணுக்குள் சுற்றுகிறது. கற்பிட்டிக் கரையில், காயப்போட்ட கருவாட்டுக்குப் பக்கத்தில் குந்தியிருந்து ராத்தாவின் போனை எட்டிப் பார்ப்பேன். வெள்ளைத் திரை, நடுவில் ஒரு வட்டம். அலை வந்து போகும், மேகம் நகரும், வட்டம் மட்டும் போக்கிடமில்லாமல் அங்கேயே சுற்றும். பார்த்தபடியே நான் தூங்கியும் போவேன்.

ராத்தா என் மூத்த சகோதரி. கருவாடு காயவைக்கும் பெண்களிடம் ஆட்கள் நேரே வாங்குவதற்கு ஓர் இணையப்பக்கம் செய்திருந்தாள். தலவில தேவாலயத் திருநாளுக்குக் கூட்டம் வருமுன் அது சட்டென்று திறக்காவிட்டால், அந்தப் பெண்கள் பழையபடி மொத்தமாக வாங்கும் முதலாளி கேட்ட விலைக்கே கொடுக்க வேண்டும். பள்ளிக்கூடத்தை வெளியே நின்று பார்த்த எனக்கு அதில் வேலை இல்லை. ஆகவே ஆலோசனை சொன்னேன்.

"எழுத்து, நிறம், பட்டன் எல்லாம் மாறாத ஃபைல்டா. ஊதினபடியே போகுது. அமுக்கி அனுப்பணும்," என்றாள் ராத்தா.

"அமுக்கிறதெண்டா என்னைக் கூப்பிடு ராத்தா. சாக்கில ஏறி மிதிக்கிறது நான்தானே?"

"நீ மிதிச்சா லெப்டொப்பும் கருவாடுதான்."

"அப்ப பக்கத்தில போட்ட என்ட படத்தையும் அமுக்கு. மூஞ்சி பெரிசாக் கிடக்கு."

"படம் முந்தியே அமுக்கினது, காஞ்ச கருவாடு. இனிக் காய என்ன கிடக்கு, மடையா?"

அமுக்கினாள். பக்கம் கண்மூடித் திறக்குமுன் வந்தது. ஆனால் திரை முழுக்கக் கிறுக்கல்.

"என்ட கையெழுத்து மாதிரியே இருக்கு," என்றேன். அவள் சிரிக்கவில்லை. நான் கட்டிவைத்த மூட்டைகளையே வெறித்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொன்றிலும் உள்ளே இருப்பது என்னவென்று ஒரு சீட்டுத் தொங்கியது.

"சீட்டு ஒட்டாம அனுப்பிட்டன்டா! அமுக்கியிருக்கு, விரிச்சுப் பாரு எண்டு சொன்னாத்தானே போன் விரிக்கும்!"

ஒரு வரி சேர்த்தாள். பக்கம் பாய் விரித்த தோணிபோல் மலர்ந்தது. அந்தத் திருநாளுக்கு முதலாளி எங்கள் கரைக்கு வந்து, வெறுங்கையோடு திரும்பினார்.

இப்போது ராத்தா மச்சானோடு கட்டாரில் இருக்கிறாள். பக்கம் உடனே திறந்துவிடுவதால் குந்தியிருந்து பார்க்க ஒன்றுமில்லை. அவள் எடுக்கும் வீடியோ கோலும் அப்படித்தான். "சுகம்தான்டா." அவ்வளவுதான்.

போன வெள்ளிக்கிழமை சொன்னேன்: "ராத்தா, இது அமுக்கின கதை. சீட்டு ஒட்டி அனுப்பு."

சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. "விரிச்சா நீ தாங்கமாட்டாய்டா."

"நான் மிதிக்கிறவன் ராத்தா, தாங்குவன். விரி."

வாயைத் திறந்தாள். சிக்னல் போய், அவள் முகம் அப்படியே உறைந்தது. நடுவில் அந்த வட்டம். மணலில் குந்தினேன். இந்த முறை தூங்கவில்லை.