அடுத்த ஆள்

இரண்டாவது உலக யுத்தம் நடந்த சமயத்தில் கைத்தறிக்கு நூல் வருவது நின்று போனது. ஜலகண்டாபுரத்தில் எங்கள் தெருவில் ஒவ்வொரு வீடாகத் தறிச் சத்தம் அடங்கியது. எங்கள் வீட்டில் அடங்கிய அன்று என் வீட்டுக்காரர் தறியின் மேல் பழைய துப்பட்டி ஒன்றைப் போர்த்தினார். நான் அடுப்பை மூட்டினேன். கொஞ்ச நாளில் சேலத்துக்கு வந்து, அம்மாபேட்டையில் என் அண்ணன் வீட்டுப் பின்கட்டில் குடியேறினோம்.

நூல் மில்லில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுத்தான் வந்தோம். விடிந்ததும் மேஸ்திரி ஒருவர் மில் வாசலுக்கு வருவார். கூடி நிற்பவர்களைப் பார்த்து, "நீ வா, நீ வா" என்று விரலை நீட்டுவார். அவருடைய சொந்தக்காரர்களும் அவருக்குப் பழக்கமானவர்களும் உள்ளே போவார்கள். மற்றவர்கள் மறுநாளும் வந்து நிற்பார்கள். என் வீட்டுக்காரர் அவருக்குப் பழக்கமாகிவிடப் பாடுபட்டார். கோழி வாங்கிக் கொண்டு போய்க் கொடுத்தார். அவர் வீட்டுக்கு விறகு பிளந்து போட்டார். தறியில் உட்கார்ந்தே வளர்ந்த கை, கோடரி பிடித்ததில் கொப்பளித்துப் போனது. கடைசியில் மேஸ்திரி, "திங்கக்கெழம வா, உள்ள உட்டுடறேன்" என்றார்.

பெண்களையும் எடுக்கிறார்கள் என்று அண்ணி சொன்னதால் அந்தத் திங்கட்கிழமை நானும் கூடப் போனேன்.

வாசலில் மேஸ்திரி சுவரோரமாக ஒதுங்கி நின்றிருந்தார். யாரையும் பார்த்து விரல் நீட்டவில்லை. பக்கத்துத் தகரக் கொட்டகையில் ஒரு பெஞ்சு போட்டிருந்தார்கள். புதிதாக வந்திருந்த மானேஜர் எழுந்து நின்று பேசினார். சின்ன வயசுக்காரர்.

"இனிமே சிபாரிசு கெடையாதுங்க. யாரு ஊரு, யாரு சொந்தம்னு கேக்க மாட்டேன். வேலய செஞ்சு காட்டுங்க, அது போதும்."

கூட்டத்தில் சிலர் கை தட்டினார்கள். எனக்கும் அது சரியென்றே பட்டது. இன்றைக்கும் சரியென்றுதான் படுகிறது.

பெஞ்சின் மேல் ஒரு பலகை. அதில் வெள்ளை நூலை நெருக்கமாக இழுத்துக் கட்டி, அங்கங்கே அறுத்து விட்டிருந்தார்கள். அறுந்த இழையைக் கண்டுபிடித்து முடிச்சுப் போட வேண்டும். நெசவாளிக்கு இது என்ன பெரிய வேலை என்று நினைத்தேன்.

என் வீட்டுக்காரர் உட்கார்ந்தார். பலகையின் மேல் விரலை ஓட்டினார். குனிந்தார், இன்னும் குனிந்தார், மூக்கு நூலில் படுகிற அளவுக்கு. நன்றாக இருந்த ஓர் இழையைப் பிடித்து இழுத்தார். அது அறுந்தது.

அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அவருக்குக் கண் மங்கிவிட்டது. வீட்டில் தறியில் பாவு நூல் அறுந்தால் முடிப்பது நான்தான். பழக்கத்தில் அப்படி ஆகிவிட்டது என்று நினைத்திருந்தேன்.

"போதும், எந்திரி" என்றார் பக்கத்திலிருந்த குமாஸ்தா.

"என்ன குத்தமுங்க?"

"அடுத்த ஆளு."

அடுத்த ஆள் நான். என் வீட்டுக்காரர் முகத்தைப் பார்த்தேன். "போ, உக்காரு" என்றார். உட்கார்ந்து முடித்துக் கொடுத்தேன். மானேஜர் தலையாட்டினார். மறுநாள் முதல் வரச் சொன்னார்கள்.

வீட்டுக்கு நடந்து வரும்போது கேட்டேன். "ஏனுங்க, எப்பயிருந்து?"

"ரொம்ப நாளாச்சு."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாமுங்களே."

"சொன்னா?"

அழுகை வரும் என்று எதிர்பார்த்தேன், வரவில்லை. வேலை கிடைத்த சந்தோஷமும் வரவில்லை. வழியில் தக்காளி வாங்கினேன். நல்லதாகப் பார்த்துப் பொறுக்கியது நினைவிருக்கிறது.

மில்லில் நூலை வளையம் வளையமாகச் சிட்டம் சுற்றும் பகுதியில் என்னைப் போட்டார்கள். இயந்திர இரைச்சலில் யாரும் யாரோடும் பேச முடியாது. எனக்கு அது வசதியாக இருந்தது. என் வீட்டுக்காரர் ஊருக்கு வெளியே ஒரு ஜவ்வரிசிக் களத்தில் மாவு காய வைக்கப் போனார். அங்கே யாரும் எதையும் சோதிக்கவில்லை. வெயில் இருந்தால் கூப்பிடுவார்கள், மேகம் கட்டினால் போகச் சொல்வார்கள். வேலை இல்லாத நாளில் அவரே சோறாக்கி வைத்திருப்பார். நான் சாப்பிடுவேன். நன்றாக இருக்கிறது என்று ஒரு நாளாவது சொல்லியிருக்கலாம்.

யுத்தம் முடியும் தறுவாயில், பெண்களுக்கான பெஞ்சில் பலகை கட்டித் தரும் வேலைக்கு என்னை வைத்தார்கள். ஒரு நாள் ராசிபுரத்துப் பெண் ஒருத்தி தேறவில்லை. எழுந்தவள் போகாமல் நின்று, "என்ன கொறைன்னு சொல்லுங்க, நான் போயிடறேன்" என்றாள். குமாஸ்தா அவளைப் பார்க்காமலே அடுத்தவளைக் கூப்பிட்டார்.

அன்று வேலை முடிந்ததும் மானேஜரிடம் போனேன்.

"வேண்டாங்கறவங்களுக்கு ஏன்னு ஒரு வார்த்த சொல்லி அனுப்புங்க."

"சொன்னா சண்டைக்கு வருவாங்கம்மா."

"வரட்டுங்க. ஒண்ணும் சொல்லாம அனுப்பினா, ஊட்டுக்குப் போயி அவங்க என்னன்னு நெனைக்கறதுங்க?"

அவர் நோட்டில் ஏதோ குறித்துக்கொண்டார். யாரை மனத்தில் வைத்துச் சொல்கிறேன் என்று கேட்கவில்லை. மறு வாரத்திலிருந்து சொல்ல ஆரம்பித்தார்கள். முடிச்சு இறுகவில்லை, கை வேகம் போதாது, கண் பார்த்துக்கொண்டு வா என்று. ஒருவர் கோபத்தில் பெஞ்சைத் தள்ளிவிட்டுப் போனார். ராசிபுரத்துப் பெண் மறுபடி வந்தாள். முடிச்சு நழுவுகிறது என்று காட்டிக் கொடுத்தார்கள். அங்கேயே போட்டுப் பழகி, அடுத்த முறை தேறினாள்.

இதை என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். களத்திலிருந்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்தார். முழங்கால் வரை வெள்ளை மாவு.

"ஏன் எடுக்கலேன்னு இப்பெல்லாம் காரணம் சொல்லி அனுப்பறாங்க. நான்தான் கேட்டேன்."

"செரி" என்றார்.

துண்டை எடுத்து நீட்டினேன். துடைத்துக்கொண்டு உள்ளே போனார். நான் சொம்பில் மிச்சமிருந்த தண்ணீரைக் கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றினேன்.