மாட்டாஸ்பத்திரி வழியாக ஒரு நினைவு வளையம்

வைகுண்ட ஏகாதசியன்று திருச்சியிலிருந்து துறையூர் சாலையில் போகாதீர்கள். நான் போனேன். எண்பத்தைந்தாம் வருட மார்கழியில், கையில் புகை கக்கும் குடுவையோடு. எனக்கு வேறு நாள் கிடைக்கவில்லை.

மண்ணச்சநல்லூரைத் தாண்டி ஒரு தவிட்டு எண்ணெய் மில்லில் என் தம்பி சேவியர் பராமரிப்புப் பொறுப்பில் இருந்தான். பெட்ரோல் மாதிரி சட்டென்று பற்றிக்கொள்ளும் ஒரு திரவத்தை வைத்துத்தான் தவிட்டிலிருந்து எண்ணெய் எடுப்பார்கள். அது ஓடும் குழாய் ஒன்று சுவர் மூலையில் விரிசல் விட்டிருந்தது. வெல்டிங் வைக்க வேண்டுமானால் ஆவியெல்லாம் போகும்வரை ஒரு வாரம் மில்லை மூட வேண்டும். "தீயே இல்லாம சேர்த்துத் தரேன்" என்று என்னை நம்பி முதலாளியிடம் வாயை விட்டுவிட்டான் இவன். நான் உலோகவியல் பாடம் நடத்துகிறவள். ஏகாதசி சாயங்காலம் ஆறு மணிக்குள் மில் ஓடாவிட்டால் அவனுக்கு வேலை போய்விடும். அவன் மனைவிக்கு அப்போது எட்டாம் மாதம்.

மெட்ராஸில் ஆராய்ச்சிக்கூடத்துச் சிநேகிதி ஒருத்தியிடம் கெஞ்சி, ஒரே ஒரு வளையம் வாங்கினேன். நிக்கலும் டைட்டானியமும் கலந்த நினைவு உலோகம். இதன் அணுக்கள் இரண்டு விதமாக அடுக்கி நிற்கும். நன்றாகக் குளிர்ந்தால் சாய்ந்துகொடுக்கும் அடுக்கு. அப்போது வளைக்கலாம், விரிக்கலாம், விரித்தபடியே இருக்கும். சூடேறினால் அணுக்கள் பழைய அடுக்குக்குத் திரும்பும், கூடவே பழைய வடிவமும் திரும்பும். குழாயைவிடச் சற்றுச் சிறிதாகக் கடைந்த வளையத்தைத் திரவ நைட்ரஜனில் குளிரவைத்து விரித்திருந்தார்கள். குளிர் இருக்கும்வரை குழாய்க்கு மேல் நுழையும். அறையின் சூடு பட்டதும் சுருங்கி இறுக்கிப் பிடிக்கும். விமானத்துக் குழாய்களை இப்படிச் சேர்க்கிறார்கள். கோணல் பல்லுக்குக் கட்டும் கம்பியிலும் இந்த உலோகம் வந்துவிட்டிருந்தது. என் பயம் ஒன்றே ஒன்றுதான். வழியில் நைட்ரஜன் தீர்ந்தால் வளையம் குடுவைக்குள்ளேயே சுருங்கிவிடும். மறுபடி விரிக்கும் கருவி திருச்சியில் எனக்குத் தெரிந்து எங்கும் இல்லை.

ஜங்ஷனில் இறங்கியபோது காலை 9.20. மரக்குச்சியை உள்ளே விட்டு எடுத்தேன். பனி பூத்திருந்த அளவு ஐந்து அங்குலம். வளையத்தின் உயரம் இரண்டு. தாராளமாகப் போதும் என்று ஒரு காபிகூடக் குடித்தேன், புத்திகெட்டவள். சத்திரம் பஸ் நிலையம் ஐந்து கிலோமீட்டர், டவுன் பஸ்ஸில் நாற்பது பைசா. துறையூர் பஸ்ஸில் இடம் பிடிக்க 10.40 ஆகிவிட்டது.

"என்னம்மா இது, புகையுது? மூடியை இறுக்கி மூடுங்க" என்றார் கண்டக்டர்.

"இறுக்கினா வெடிச்சிடுங்க."

சொல்லியிருக்கவே கூடாது. பின் சீட்டுக்காரர்கள் எழுந்துவிட்டார்கள். வெறும் குளிர்தான், ஆவி வெளியே போக வழி விட்டிருக்கிறேன் என்று குச்சியை நனைத்து நனைத்துக் காட்டி, அவர்களை உட்காரவைப்பதற்குள் எனக்கு வியர்த்துக் கொட்டியது.

காவிரிப் பாலத்தில் பஸ் ஒரு மணி நேரம் நின்றது. சொர்க்கவாசல் தரிசனத்துக்குப் போகிற கூட்டமும் திரும்புகிற கூட்டமும் பாலத்தை அடைத்துக்கொண்டு நடந்தன. தூரத்தில், கட்டிக்கொண்டிருந்த ராஜகோபுரத்தின் சாரம் தெரிந்தது. ஒருவழியாக நகர்ந்து மாம்பழச் சாலையில் ஆள் ஏற்றிக் கிளம்பிய பஸ், குறுக்கே வந்த சைக்கிளுக்காகச் சடன் பிரேக் போட்டது. குடுவை சாய்ந்தது. காலடியெல்லாம் வெள்ளைப் புகை. குச்சியை விட்டுப் பார்த்தேன்: ஒன்றேகால் அங்குலம். டிரைவரைத் திட்டினேன், கூட்டத்தைத் திட்டினேன், கடைசியில் எல்லார் முன்னாலும் அழுதுவிட்டேன்.

மாம்பழச் சாலையில் ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்த அம்மா பெயர் தனம். திருவெள்ளறையில் விவசாயம். கையில் துளசிப் பொட்டலம்.

"அழாதீங்கம்மா. இந்தப் புகையை நான் பார்த்திருக்கேன். எங்க பசுவுக்குச் சினை ஊசி போட வந்தப்ப, மாட்டு டாக்டர் கேனைத் திறந்தா இப்படித்தான் குபுகுபுன்னு வந்துச்சு."

அட கர்த்தரே! காளையின் விந்தைத் திரவ நைட்ரஜனில்தானே உறையவைப்பார்கள்! இத்தனை படித்த என் மண்டையில் அது உதிக்கவில்லை.

மண்ணச்சநல்லூர் மாட்டாஸ்பத்திரியில் நுழைந்தபோது 12.50. மிச்சம் அரை அங்குலம். குடுவையைச் சாய்த்துப் பிடித்து வளையத்தை நனைத்துக்கொண்டே இருந்தேன். தனமும் கூடவே இறங்கி வந்திருந்தாள்.

டாக்டர் தயங்கினார். "கேன்ல குறைஞ்சா ஊசி மருந்தெல்லாம் வீணாப் போயிடுமே."

"குடுங்க சார்" என்றாள் தனம். "எங்க பசுவுக்கு இல்லாமப் போனா நான் சண்டைக்கு வரமாட்டேன்."

"மத்தவங்க வருவாங்களேம்மா!" என்று சொல்லிக்கொண்டே கரண்டியை எடுத்துவிட்டார். இரண்டு கரண்டி. அதோடு தன் மோட்டார் சைக்கிளிலேயே மில்லுக்கும் கொண்டுவந்து விட்டார், மூன்று கிலோமீட்டர்.

சேவியர் விரிசல் விட்ட பகுதியை அறுத்து எடுத்து, புதுத் துண்டை அளவு பார்த்து, வளையம் நிற்க வேண்டிய இடத்தில் சாக்பீஸால் கோடு போட்டு வைத்திருந்தான். இடுக்கியால் வளையத்தை எடுத்துப் பழைய குழாயின் முனையில் மாட்டி, அதற்குள் புதுத் துண்டைச் செருகி, அதன் மறுமுனையை மேலே இருந்த போல்ட் மூட்டில் பொருத்தினான். செங்குத்தான குழாய், வளையம் கோட்டைத் தாண்டிக் கீழே வழுக்கியது. அங்கே இறுகினால் எல்லாம் போச்சு. அவன் இடுக்கியை எறிந்துவிட்டு வெறும் உள்ளங்கையால் அதை மேலே தள்ளிப் பிடித்தான்.

"விடுடா! குளிர்ல கை வெந்துபோகும், விடுடா!"

"விட்டா போச்சுக்கா."

வளையம் டிக் டிக்கென்று இறுகியது. அவன் கையை எடுத்தபோது உள்ளங்கைத் தோல் அதிலேயே ஒட்டிக்கொண்டது. நான்தான் கசிகிறதா என்று சோப்பு நுரை தடவிப் பார்த்தேன். ஒரு குமிழிகூட வரவில்லை. மில் ஓடியது 4.35க்கு.

அந்தப் பக்கம் போகிறவர்களுக்கு: சத்திரத்திலிருந்து திருவெள்ளறை சுமார் இருபது கிலோமீட்டர், சாதாரண நாளில் முக்கால் மணி நேரம். கோயிலையும் ஸ்வஸ்திகக் கிணற்றையும் பார்த்துவிட்டு வாருங்கள். நைட்ரஜன் கொண்டுபோவதானால் பஸ்ஸே வேண்டாம். எங்களுக்கு அன்று நேரம் நல்லதாக இருந்தது, அவ்வளவுதான்.

பல வருடம் கழித்து மில்லை மூடி, இரும்பை எடைக்குப் போட்டபோது சேவியர் அந்தத் துண்டை மட்டும் அறுத்துக்கொண்டு வந்தான். இரண்டு பக்கமும் குழாய் துருவேறிக் கிடக்கிறது, வளையம் அசையவில்லை. இந்த இரும்புக் குப்பையை ஏன் அலமாரியில் வைத்திருக்கிறீர்கள் என்று போன கிறிஸ்துமஸில் அவன் மகள் கேட்டாள். அந்த எட்டாம் மாதத்துக் குழந்தைதான். அவன் தழும்பு விழுந்த உள்ளங்கையை விரித்துக் காட்டினான்.

"உங்க அத்தை விடுடா விடுடான்னு கத்துனாங்க. நான் விடல. இதுவும் இன்னும் விடல."