தாடையை வைங்க, மூச்சை விடுங்க

கண் அழுத்த நோய்க்கு ஆபரேஷன் செய்வது டாக்டரம்மாவின் கஷ்டம். அதற்குப் பிறகு அந்தக் கண்ணைப் பரிசோதிப்பது என் கஷ்டம். நாகர்கோவிலில் ஒரு கண் ஆஸ்பத்திரியில் எனக்கு அந்த வேலைதான். "அப்படியே இருங்க" என்று சொல்லிப் பிழைக்கிற போட்டோக்காரர்களே, முடிவெட்டுகிறவர்களே, உங்களுக்கு என் பாடு புரியும்.

கீழே பாருங்க

ஆபரேஷன் செய்த இடம் மேல் இமைக்குள் ஒளிந்திருக்கும். கண் கீழே பார்த்தால்தான் தெரியும். மார்த்தாண்டத்தில் பாத்திரக்கடை வைத்திருக்கும் பெரியவரிடம் அதைச் சொன்னேன். அவர் பரிசோதனைக் கருவியின் தாங்கியில் வைத்திருந்த தாடையை எடுத்து, குனிந்து தரையைப் பார்த்தார். "தலை இல்லை, கண்ணு மட்டும்" என்றேன். மறுபடியும் குனிந்தவர் நிமிரவே இல்லை. மயங்கிவிட்டாரோ என்று தோளைத் தொட்டேன்.

"மோளே, கீழ பாக்கச் சொன்னது நல்லதாப் போச்சு. இது எனக்க செருப்பு இல்ல கேட்டியா!"

அசையாதீங்க

சூசை அண்ணாச்சி இராஜாக்கமங்கலம் பக்கம் கடலில் முங்கிச் சிப்பி எடுக்கிறவர். ஒரு கண்ணில் பார்வை போய்விட்டது. மற்றதைக் காப்பாற்றத்தான் ஆபரேஷன். அதற்குப் பிறகும் நான் அளக்கும்போதெல்லாம் அழுத்தம் எகிறியே இருந்தது. இன்னொரு ஆபரேஷன் செய்ய வேண்டியிருக்கும் என்றார் டாக்டரம்மா. அண்ணாச்சியின் மனைவி ஜெபமாலையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

எனக்கும் மனசு கேட்கவில்லை. திரும்ப ஒருமுறை அளந்தேன். கருவியை விலக்கியதும் அண்ணாச்சி 'புஸ்' என்று மூச்சு விட்டார். மூச்சை அடக்கினால் கண் அழுத்தம் ஏறும். "இவ்வளவு நேரம் மூச்சே விடலையா?" என்று கேட்டேன்.

"அசையாதீங்கன்னு நீதான சொன்ன மக்கா? மூச்சு விட்டா தல அசையாதா?"

மூச்சு விடுங்க

சொன்னால் விடுவாரா? "சரி மக்கா" என்பார். தாடையை வைத்து, கருவியின் நீல வெளிச்சம் கண்ணில் பட்டதும் அடக்கிவிடுவார். "அதக் கண்டா கடலுக்குள்ள போன மாதிரி இருக்கு" என்றார். அப்படியா சங்கதி என்று, அடுத்த தடவை விளக்கைப் போட்டதும் கத்தினேன்: "அண்ணாச்சி, மேல வந்தாச்சு!"

மூச்சு வந்தது. அழுத்தம் சரியாக இருந்தது. டாக்டரம்மா தானும் அதேபோலக் கத்தி, அளந்து பார்த்துவிட்டு, இன்னொரு ஆபரேஷன் வேண்டாம் என்றார். அண்ணாச்சியின் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டார். எனக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது. அண்ணாச்சிக்கு மட்டும் ஒரு குறை.

"ஒரு சிப்பிகூட கிட்டல, அதுக்குள்ள எதுக்கு மக்கா மேல வரச் சொன்ன?"

கண்ணைப் பார்க்கத்தான் எனக்குச் சம்பளம். அன்றிலிருந்து நான் முதலில் பார்ப்பது மூக்கை.