கண்ணை மூடி விற்கிறவள்

கொச்சி மட்டாஞ்சேரியில் வாசனை இல்லாத வேலை ஒன்று இருந்தால் சொல்லுங்கள், சங்கரியை நாளைக்கே கொண்டுபோய்ச் சேர்த்துவிடலாம். எர்ணாகுளத்து டாக்டர் அவளுக்கு வந்திருப்பது ஒற்றைத் தலைவலி என்றார். கடும் வாசனை, பளீர் வெளிச்சம், பசி, தூக்கக்கேடு எதுவும் ஆகாது என்று சொல்லி அனுப்பினார். நல்ல மனிதர்தான். ஆனால் ஜூ டவுன் என்கிற பழைய யூதத் தெருவில் மசாலாக் கடையில் வேலை பார்க்கிறவளிடம் இதைச் சொல்வது மீன்காரியிடம் ஈரம் ஆகாது என்று சொல்வதைப் போலத்தான்.

சங்கரிக்குத் தென்காசிப் பக்கம். கணவன் முத்துவேல் இங்கே கட்டட வேலைக்கு வந்தவன். மழை பிடித்துக்கொண்டால் அவனுக்கு வேலை இல்லை, இந்த ஊரில் மழை லேசில் விடுவதும் இல்லை. ஆகையால் வீடு ஓடுவது இவள் சம்பளத்தில். இதற்கு முன் எர்ணாகுளத்தில் ஒரு ஜவுளிக்கடையில் நின்றாள். அங்கே வெள்ளந்தியாகத் தலைவலி என்று உண்மையைச் சொல்லி லீவு கேட்டாள். யாருக்குத்தான் தலைவலி இல்லை என்றார்கள். மறுபடியும் கேட்டபோது, இனி வரவேண்டாம் என்றார்கள். வயிற்றுப்போக்கு என்று சொல்லியிருந்தால் பிழைத்திருப்பாள். தலைவலி என்ற சொல்லுக்கு நம்மிடம் மரியாதையே கிடையாது, எனக்கு இதில் இன்றைக்கும் ஆத்திரம்தான்.

அதனால் புதுக்கடையில் வாயைத் திறக்கவில்லை. முதலாளி வெங்கிடராமன், பாலக்காட்டுக் குடும்பம், பிறந்து வளர்ந்ததெல்லாம் கொச்சி. எல்லோருக்கும் அவர் சுவாமி, சங்கரிக்குச் சாமி. குரலை உயர்த்தாத ஆள். அவளுக்குப் பின்கட்டில் ஏலக்காயும் மிளகும் பொட்டலம் கட்டும் வேலை. மிளகும் ஏலமும் அவளை ஒன்றும் செய்வதில்லை. யமன் முன்கட்டில், சின்னச் சின்னக் கண்ணாடிக் குப்பிகளில் இருந்தான்: மல்லிகைத் தைலம், சந்தனத் தைலம். அந்த மேசை ஷபானாவுடையது. மூத்தவள், கடையில் இவளுடைய நோயை அறிந்த ஒரே ஆள். சங்கரி பின்கட்டில் சாக்கு மூட்டைகளுக்கு நடுவே சுருண்டு கிடந்ததை ஒருநாள் பார்த்துவிட்டு, யாரிடமும் சொல்லாமல் இருந்தவள்.

வலி வந்தால் ஒரு நாளோடு போய்விடும். வருமோ என்ற பயம்தான் போகவே போகாது. கொட்டாவி வந்தால் அதுவோ என்று பயப்படுவாள். டியூப் லைட் மினுக்கினால் அதுவோ என்று கண்ணைக் கசக்குவாள். நிஜமாகவே வரும்போது கண்ணோரத்தில் வளைந்து நெளிந்து ஒரு வெளிச்சம் ஓடும், எதிரில் நிற்பவர்களின் முகத்தில் பாதி காணாமல் போகும், பிறகு இடது கண்ணுக்குப் பின்னால் இடிக்கத் தொடங்கும். குடியிருந்த தெருவில் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். சுக்குப்பத்துப் போடு, குளித்ததும் உச்சியில் ராஸ்னாதிப் பொடி தேய், சாயாவை விடு. எல்லாம் செய்து பார்த்தாள், சாயாவை மட்டும் விட முடியவில்லை.

சுற்றுலாக் கப்பல் வந்த ஒரு நாளில் ஷபானா தங்கையின் பிரசவத்துக்குப் போயிருந்தாள். கடைத்தெரு கொள்ளாத கூட்டம். சுவாமி சங்கரியை முன்னால் கூப்பிட்டு நிறுத்தினார். காலையிலிருந்தே அவளுக்குக் கண்ணோரத்தில் அந்த வெளிச்சம் ஓடிக்கொண்டிருந்தது. மாட்டேன் என்றால் காரணம் சொல்ல வேண்டும், காரணம் சொன்னால் ஜவுளிக்கடைக் கதைதான். நின்றாள்.

மல்லிகைக் குப்பியைத் திறக்கும்போது மூச்சை அடக்கிக்கொண்டாள். வெளிச்சம் பொறுக்காமல் கண்ணை மூடி, தலையை ஒருபக்கம் சாய்த்து, குமட்டல் வெளியே தெரியாமலிருக்க உதட்டை இறுக்கிச் சிரிப்பு மாதிரி வைத்துக்கொண்டாள். எதிரே நின்ற வெள்ளைக்காரம்மா அந்த முகத்தையே பார்த்தாள். மணத்தில் சொக்கிப்போய் நிற்கிறாள் என்று நினைத்திருக்க வேண்டும். அவளும் கண்ணை மூடி முகர்ந்தாள், வாங்கினாள், கூட வந்தவர்களையும் வாங்க வைத்தாள். சாயங்காலம் மேசை காலி. சங்கரி வீட்டுக்குப் போய்ச் சுவரோரம் விழுந்தாள். முத்துவேல் விளக்கைக்கூடப் போடாமல் உட்கார்ந்திருந்தான்.

மறுநாள் சுவாமி முகமெல்லாம் சிரிப்பாக இருந்தார். "நேத்திக்கு நீ கண்ணை மூடிண்டு நின்னாயே, அது பெரிய ரசனையாக்கும். இனி முன்னாடி நீதான். ஷபானா பின்னாடி இருக்கட்டும்."

பதவி உயர்வு என்று தெருவே பாராட்டியது. முத்துவேல்கூட ஒரு கணம் சந்தோஷப்பட்டுவிட்டு அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். எப்போதாவது வந்துகொண்டிருந்த வலி வாரத்துக்கு வாரம் வந்தது, பிறகு வாரத்தையும் மதிக்கவில்லை. பாதி வியாபாரத்தில் பின்பக்கம் ஓடி வாந்தி எடுத்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு வந்து கண்ணை மூடி நின்றாள். வியாபாரம் ஏறிக்கொண்டே போனது, அதுதான் கொடுமை. மற்றப் பெண்களும் அப்படியே நிற்க வேண்டும் என்று சுவாமி சொல்ல ஆரம்பித்தார். அவர்கள் கண்ணை மூடினால் தூங்குகிறவர்கள் மாதிரி இருந்தது.

சொல்லாவிட்டால் உடம்பு போகும், சொன்னால் வேலை போகும். கடைசியில் ஒரு மத்தியானம், கடையில் கூட்டமில்லாத நேரம், கல்லாப்பெட்டிக்கு எதிரே போய் நின்றாள்.

"சாமி, நான் ரசிச்சு நிக்கல. தலைவலியில நிக்கேன். அந்த மல்லிகத் தைலத்த மோந்தா எனக்கு உசிரு போவுது."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். வீட்டுக்குப் போ என்பார், அல்லது பாவம் என்பார் என்று அவள் எதிர்பார்த்தாள். அவர் உண்மையான கவலையோடு கேட்டார்.

"அப்போ வலி இல்லாத நாள்ல நீ என்ன பண்ணுவாய்?"

சங்கரிக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. ஆனால் அந்தக் கோபத்திலேயே ஒரு தெளிவும் வந்தது. இவர் தன்னை நம்பிவிட்டார், அனுப்பப் போவதில்லை, இவருக்கு வேண்டியது அந்த முகம்தான். அப்படியானால் பேரம் பேசலாம்.

தைலத்துக்கு ஷபானா நிற்கட்டும், ஏலக்காயை முன்கட்டில் தைல வாசனை எட்டாத மூலையில் வையுங்கள், அதைக் கையில் வைத்துக்கொண்டு கண்ணை மூடி நிற்கிறேன் என்றாள். சுவாமி விரலால் மேசையைத் தட்டிக்கொண்டே இருந்தார். பிறகு சரி என்றார்.

இப்போது வலி பழையபடி எப்போதாவதுதான் வருகிறது. போன வாரம் ஒரு நாள் நன்றாகத் தூங்கி, வயிறு நிறையக் கப்பைக்கிழங்கு தின்று, தெளிந்த தலையோடு கடைக்கு வந்தாள். கப்பல் கூட்டம் உள்ளே நுழைந்தது. சங்கரி ஏலக்காயை எடுத்துக் கண்ணை மூடி, தலையைச் சாய்த்து, உதட்டை இறுக்கினாள். ஷபானா தன் மேசையை விட்டுவிட்டு ஓடிவந்து முழங்கையைப் பிடித்தாள். வந்துவிட்டதா, உள்ளே போய்ப் படு, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று காதருகே பதறினாள்.

சங்கரி கண்ணைத் திறக்கவில்லை.

"இல்லக்கா. இது வேலை."