பின்பக்கம் போன சாய்தளம்

டாலிகஞ்சில் எங்கள் குடியிருப்புக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு கலைமன்றம் இருக்கிறது. கீழே அரங்கம், மேலே நூலகம், முன்னால் கட்டடத்தின் முழு அகலத்துக்கும் எட்டுப் படிகள். அதை வரைந்தவள் நான். என்னை யாருக்காவது அறிமுகப்படுத்துகிறவர்கள் முதலில் அந்தப் படிகளைத்தான் சொல்வார்கள். நான் தலையைக் குனிந்துகொள்வேன். அடக்கம் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

அப்பா துறைமுக வேலையில் மாற்றலாகி இந்த வங்காள நகரத்துக்கு வந்தபோது எனக்கு ஆறு வயது. படிப்பெல்லாம் இங்கேதான். கரியாஹாட்டில் ஒரு புடவைக் கடைக்கு மேலே சின்னதாக அலுவலகம் போட்டு, பல வருடங்கள் அடுக்குமாடி வீடுகளும் வங்கிக் கிளைகளுமாக வரைந்துகொண்டிருந்தேன். எங்கள் வட்டாரத்து மக்கள் சேர்ந்து, பாழாய்க் கிடந்த கிடங்கு மனையில் ஒரு கலைமன்றம் கட்டலாம் என்று முடிவு செய்து என்னிடம் வந்தார்கள். எனக்குக் கிடைத்த முதல் பொதுக் கட்டடம் அது.

மழைக்காலத்தில் அந்தத் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும். அதனால் தரைமட்டத்தை நாலு அடி உயர்த்தியே ஆகவேண்டும். உயர்த்தினால் படி வரும். படி வந்தால் சக்கர நாற்காலிக்குச் சாய்தளமும் வரவேண்டும். நாலு அடி உயரத்துக்கு அது கிட்டத்தட்ட ஐம்பது அடி நீளம் போகும். முதல் வரைபடத்தில் அதை முன்பக்கமே வைத்திருந்தேன். படிகளை நடுவில் வெட்டிக்கொண்டு, ஒரு முறை மடங்கி மேலே ஏறியது. திரும்பத் திரும்பப் பார்த்தேன். என் படிகள் உடைந்து தெரிந்தன. அழித்துவிட்டு, பின்சந்தில் ஜெனரேட்டர் அறைக்குப் பக்கத்தில் வைத்தேன். விதிமுறை நிறைவேறியது. முன்பக்கம் அழகாகிவிட்டது.

மன்றத்தின் செயலாளர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர், வங்காளி. சட்டைப் பையில் எப்போதும் இரண்டு பேனா. மாதிரியை மேசைமேல் வைத்துக் காட்டியபோது குனிந்து சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, வங்காள மொழியில் கேட்டார்:

"அம்மா, ராம்ப் முன்னாடியே இருந்தா நல்லா இருக்குமே? என் மனைவிக்கே முட்டிவலி. இங்க வர்றவங்கள்ல பாதிப் பேருக்கு வயசாயிடுச்சு."

நான் பேசினேன். நன்றாகவே பேசினேன். சாக்கடை, தெருவோர மரம், நடைபாதையின் அகலம், இடநெருக்கடி என்று அடுக்கினேன். ஒன்றுகூட முழுப் பொய்யில்லை, ஒன்றுகூட உண்மையான காரணமுமில்லை. அவர் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டுத் தலையாட்டினார்.

"நீங்க படிச்சவங்க. உங்களுக்குத் தெரியும்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

கட்டடம் எழுந்தது. பூசுவேலை முடிவதற்கு முன்பே ஜனங்கள் படிகளில் உட்கார ஆரம்பித்துவிட்டார்கள். கல்லூரிப் பெண்கள், மெட்ரோவிலிருந்து இறங்கி வீட்டுக்குப் போகிறவர்கள், செய்தித்தாள் படிக்கும் கிழவர்கள். ஒரு பத்திரிகை முழுப்பக்கப் படம் போட்டது. ஒரு கல்லூரியில் பேசக் கூப்பிட்டார்கள். "நல்ல கட்டடம் தெருவைப் பார்த்து உள்ளே வா என்று சொல்லவேண்டும். இந்தப் படிகள் எல்லோருக்கும் சொந்தம்" என்று பேசினேன். கைதட்டினார்கள்.

திறப்பு விழாவில் கச்சேரி செய்ய நான் சிபாரிசு செய்தது எங்கள் பக்கத்து வீட்டு அக்காவை. மூன்று தலைமுறையாக இந்த ஊரில் இருக்கும் தமிழ்க் குடும்பம் அவளுடையது. தமிழில் பாதி வங்காளம் கலந்து பேசுவாள். கீர்த்தனையும் பாடுவாள், வங்காளப் பாட்டும் பாடுவாள். சில வருடங்களுக்கு முன்னால் ஆட்டோ கவிழ்ந்து முதுகெலும்பில் அடி. அதிலிருந்து சக்கர நாற்காலிதான். பாட்டு வகுப்பு வீட்டிலேயே நடக்கும்.

விழா அன்று மாலை அவள் டாக்ஸியில் வந்து இறங்கினாள். படிகள் முழுக்கக் கூட்டம், பூத்தோரணம், விளக்கு. மார்பில் பேட்ஜ் குத்திய நான்கு தொண்டர்கள் ஓடிவந்து நாற்காலியின் நான்கு பக்கமும் பிடித்தார்கள்.

"இருங்கோ, இருங்கோ!" என்று அவர்கள் கையைத் தட்டிவிட்டாள் அக்கா. "நான் என்ன துர்க்கா பிரதிமையா, தோள்ல தூக்கிண்டு போக? ராம்ப் எங்க இருக்கு?"

என்னைப் பார்த்துத்தான் கேட்டாள்.

"பின்னாடி இருக்குக்கா" என்றேன்.

நானே தள்ளிக்கொண்டு போனேன். சந்தில் ஜெனரேட்டர் அதிர்ந்துகொண்டிருந்தது. விழாச் சாப்பாட்டுக்கு வந்த சமையற்காரர்கள் அங்கே அண்டாக்களைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். எண்ணெய்த் தண்ணீரும் பருப்பும் சாய்தளத்தில் வழிந்து ஓடின. சக்கரம் இரண்டு முறை வழுக்கியது. அவள் கட்டியிருந்தது நல்ல காஞ்சிபுரம் பட்டு. முந்தானையைச் சுருட்டி மடியில் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். மேலே போனால் கதவு உள்பக்கம் தாழ் போட்டிருந்தது. தட்டினேன். ஜெனரேட்டர் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. போன் செய்தேன், எடுக்கவில்லை. உள்ளே வரவேற்புரை நடந்து, குத்துவிளக்கு ஏற்றி, கைதட்டல் எழுந்து அடங்கியது. அத்தனையும் அந்தக் கதவுக்கு வெளியே இருந்தே கேட்டோம். ஒருவழியாக யாரோ கதவைத் திறந்தார்கள்.

மேடையில் அவள் நன்றாகத்தான் பாடினாள். மெருகேற்றிய மரத்தரையில் அவள் நாற்காலி வந்த வழி முழுக்க இரண்டு கோடாக மஞ்சள் கறை. முதல் வரிசையில் உட்கார்ந்து நான் அந்தக் கறையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலையில் அவள் வீட்டுக்குப் போனேன். பட்டுப்புடவையை அலசிக் கொடியில் போட்டிருந்தார்கள்.

"ஷோன்" என்றாள். கேள் என்று அர்த்தம். கோபம் வந்தால் அவளுக்கு வங்காளம்தான் முதலில் வரும். "முன்னாடி ராம்ப் வைக்கணும்னு உனக்குத் தோணலையாடி?"

"தோணித்துக்கா. முதல்ல அப்படித்தான் வரைஞ்சேன். கமிட்டி ஒத்துக்கலை."

யோசிக்காமல் வந்த பதில். ஒரே மூச்சில் ஒரு உண்மையையும் ஒரு பொய்யையும் சேர்த்துக் கொடுத்துவிட்டேன். அவள் முகம் தெளிந்ததைப் பார்த்தேன்.

"அதானே. நீ அப்படிப் பண்ணுவியான்னு ராத்திரி பூரா யோசிச்சுண்டிருந்தேன்" என்றாள்.

அதோடு போயிருந்தால் என் மனசுக்குள் மட்டும் கிடந்திருக்கும். அக்கா விடுகிறவள் இல்லை. மன்றத்துக்குக் கடிதம் எழுதினாள். தன் மாணவிகளின் அம்மாக்களிடமும், முட்டிவலிக்காரர்களிடமும், குழந்தை வண்டி தள்ளுகிறவர்களிடமும் கையெழுத்து வாங்கினாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அரங்கத்திலேயே கூட்டம் கூடியது. அக்காவைப் பின்வாசல் வழியாகவே அழைத்து வந்தார்கள். மைக்கை வாங்கிக்கொண்டு செயலாளரைப் பார்த்து வங்காளத்தில் கேட்டாள்:

"வரைஞ்சவங்க முன்னாடி வெச்சதை நீங்க எதுக்குப் பின்னாடி தள்ளினீங்க? எங்களை முன்வாசல்ல பார்க்க உங்களுக்கு வெட்கமா இருக்கா?"

கூட்டத்தில் சலசலப்பு. "சீ சீ" என்று ஒருவர் சத்தமாகவே சொன்னார். செயலாளர் எழுந்தார். மூன்றாவது வரிசையில் இருந்த என்னை ஒரு கணம் பார்த்தார். எழுந்து நிற்க எனக்கு அந்த ஒரு கணம் போதுமாயிருந்தது. நான் மடியில் இருந்த கைப்பையின் ஜிப்பைத் திறந்து மூடினேன்.

"தப்பு எங்களுடையது. சரிபண்ணிடறோம்" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

கூட்டம் முடிந்ததும் படிகளில் அவரைப் பிடித்தேன். கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கிக்கொண்டிருந்தார்.

"ஏன் சொல்லலை நீங்க?"

"என்ன சொல்லணும்? நான் கேட்டேன், நீங்க பதில் சொன்னீங்க, நான் கையெழுத்துப் போட்டேன். அது என் பங்கு. அதை நான் சொல்லிட்டேன்." அடுத்த படியில் கால் வைத்து நின்றார். "உங்க பங்கை நான் எப்படிச் சொல்ல முடியும், அம்மா?"

அன்றைக்கே அக்காவிடம் போயிருக்கலாம். போகவில்லை. வேலை என்று சொல்லிக்கொண்டேன். மழை என்று சொல்லிக்கொண்டேன். இரண்டு மாதம் ஓடியது. அடுத்த பொதுக்குழுவில் செயலாளர் பதவிக்கு நிற்கவில்லை. வயதாகிவிட்டது என்று காரணம் சொன்னாராம். ஆனால் மீன் கடையில் இரண்டு பேர் பேசிக்கொண்டதை என் காதாலேயே கேட்டேன்: "நொண்டிங்களைப் பின்வாசல்ல அனுப்பின ஆள்தானே!" அந்த மனிதர் அந்த மனைக்காக வருடக்கணக்கில் வீடு வீடாக ஏறி இறங்கியவர்.

அன்று சாயங்காலம் அக்கா வீட்டுக்குப் போனேன். வகுப்பு முடிந்து பிள்ளைகள் போய்க்கொண்டிருந்தார்கள். நின்றபடியே சொன்னேன்.

"அக்கா, கமிட்டி இல்லை. நான்தான் பின்னாடி தள்ளினேன். செயலாளர் முன்னாடி வைக்கத்தான் கேட்டார். படி அழகு கெட்டுடும்னு நான்தான் அவரைப் பேசி மடக்கினேன்."

மின்தம்பூராப் பெட்டியை அணைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"நான் அந்தக் கதவு கிட்ட காத்துண்டிருந்தப்போ நீ என் பின்னாடிதானே நின்னுண்டிருந்தே?"

"ஆமாம்."

"அப்பவும் சொல்லலை."

"இல்லைக்கா."

"பின்னாடி வெச்சதைக்கூட விட்டுடலாம்டி. படிச்ச திமிர்னு நினைச்சுப்பேன். அவரை அத்தனை பேருக்கு முன்னாடி நான் கேட்டேனே, அந்த வாயை நான் எங்க கொண்டு போய்க் கழுவறது?"

அழுதால் அவள் என்னைத் தேற்றவேண்டி வரும் என்று அழாமல் இருந்தேன். அந்த அளவுக்காவது அன்றைக்குப் புத்தி வேலை செய்தது.

மன்றத்துக்கு நடந்ததை நடந்தபடி எழுதிக் கொடுத்தேன். கூட்டத்தில் படித்தார்கள். பாதிப் பேர் வரவில்லை. வந்தவர்களுக்கும் அது பழைய கதையாகியிருந்தது. பொய் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் தெரு முழுக்கப் பரவியது, உண்மை ஒரு கோப்பில் போய்ப் படுத்துக்கொண்டது. அக்கா ஒரு ரிக்‌ஷா வைத்துக்கொண்டு செயலாளர் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டாள். நானும் தனியாகப் போனேன். அவர் மனைவி டீயும் பிஸ்கட்டும் கொடுத்தார். அவர் கிரிக்கெட்டைப் பற்றிப் பேசினார். நான் சொல்ல வந்ததைச் சொல்ல விடவே இல்லை. அது மன்னிப்பா, தண்டனையா என்று இன்றுவரை தெரியவில்லை.

புதிய சாய்தளத்தை நான் வரைகிறேன் என்று கேட்டேன். வேறு ஒரு இளம் பெண்ணிடம் கொடுத்துவிட்டார்கள். அவள் என் படிகளை வெட்டினாள், ஒரு முறை மடக்கி மேலே கொண்டுபோனாள், நான் முதலில் போட்ட கோடு கிட்டத்தட்ட அதேதான். கல்லின் நிறம் சரியாகச் சேரவில்லை. ஜனங்கள் கவனிக்கவில்லை. செய்தித்தாள் கிழவர்கள் அதன் கைப்பிடியில் சாய்ந்துகொள்கிறார்கள். நூலகப் புத்தகங்களைத் தள்ளுவண்டியில் அதன் வழியாகத்தான் ஏற்றுகிறார்கள். முழங்கால் நோகிற பாதி ஊர் அந்தப் பக்கமாகத்தான் ஏறுகிறது.

போன மாதம் அங்கே அக்காவின் மாணவிகளுடைய கச்சேரி. பக்கத்து வீட்டிலிருந்து எனக்கும் அழைப்பு வந்தது, அச்சடித்த அட்டை, தபாலில். வாசலில் ஒரு தாயார் என்னை யாரென்று கேட்டார். அக்கா நாற்காலியைத் திருப்பி, சிரித்த முகமாகவே சொன்னாள்:

"இந்தக் கட்டடத்தை வரைஞ்சவங்க."

பக்கத்து வீடு என்று சொல்லவில்லை. நான் வணக்கம் சொல்லிவிட்டு உள்ளே போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்துகொண்டேன்.